சன்னலில் தொங்கிய பயிற்சி

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கல்வியாண்டில் நடந்தது இது. கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தேன். பிள்ளைகள் முப்பத்தொன்பது, ஆசிரியர்கள் இருவர், செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று: சமையலறைச் சன்னல்.

முன்பெல்லாம் பயிற்சி என்றால் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவோம். இரண்டு டீ, பழைய சிநேகிதர்கள், மதியச் சாப்பாடு என்று பொழுது இனிமையாகப் போகும். அந்த வருடம் பள்ளி மேலாண்மைப் பயிற்சியைப் போனிலேயே முடிக்கச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வீடியோக்கள். ஓட்டித் தள்ளவும் முடியாது. எனக்கு ஒரே எரிச்சல். போனைப் பையில் போட்டுச் சன்னல் கம்பியில் தொங்கவிடுவேன். வீடியோ முடிந்தால் தெரியட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, பக்கத்து அறையில் சத்துணவு முட்டைகளை எண்ணப் போய்விடுவேன். கடைசித் தேர்வில் குத்துமதிப்பாகத் தொட்டு, மூன்றாவது முறை தேறினேன்.

மார்ச் மாதம் பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. ஐந்தாம் வகுப்பை முடிக்கும் ஏழு பேரில் நான்கு பெண் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தப் போவதாகப் பெற்றோர் சொன்னார்கள். நடுநிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி, வழியெல்லாம் காடு.

"தூரத்துக்கு நான் என்னம்மா பண்றது?" என்றேன்.

குழுத் தலைவி எழுந்தார். சமையலுக்குக் கூடமாட உதவி செய்பவர், கைநாட்டு வைப்பவர். அந்த நால்வரில் ஒருத்தி அவர் மகள்.

"இன்னா சார், தூரமா இருந்தா வண்டி கேக்கலாம்னு அந்தம்மா சொன்னாங்களே. குழு கூடி எழுதி, போன்ல ஏத்தணுமாம். நீங்க எழுதிட்டீங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருக்கேன்."

"எந்த அம்மா?"

"சன்னல்ல தொங்கிக்கினு பேசினாங்களே, அவங்கதான். நான் கீழ குந்தி அரிசி பொறுக்கிட்டே அத்தனையும் கேட்டேன். நீங்கதான் முட்டை எண்ணப் பூட்டீங்க."

கூட்டமே சிரித்தது. "முட்டைக்கு இன்னா கால் மொளச்சா ஓடப்போவுது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வேறு.

உடனே சன்னலடியில் அவரோடு உட்கார்ந்து வீடியோக்களை மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். ஏழாவது வீடியோவில் எல்லாம் இருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள், மறுநாள். அங்கேயே தீர்மானம் எழுதினேன், அவர் கைநாட்டு வைத்தார். படமெடுத்து அனுப்பினால் பாதியிலேயே நின்று நின்று போனது. அவர் என் கையிலிருந்து போனை வாங்கிச் சன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க சார், போய்க்கினுதான் இருக்குது."

பதினொன்றாவது முறை போய்ச் சேர்ந்தது.

ஜூனில் ஒரு ஜீப் வந்தது. ஏழு பேரும் ஏறினார்கள்.

இப்போது கள்ளக்குறிச்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். எந்த மூலையில் நின்றாலும் சிக்னல் கிடைக்கிறது, ஆனால் அந்த மலைக் காற்றும் அரிசி புடைக்கும் சத்தமும் கிடைக்கவில்லை. அந்தப் பயிற்சிக்கு என் பெயர் போட்டு ஒரு சான்றிதழ் தந்தார்கள். பயிற்சியை உண்மையில் முடித்தவர் அந்த அம்மாதான் என்ற கூச்சம், அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு வருகிறது.