சும்மா இருந்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய கேப்புத் துப்பாக்கி. மாமனார் வாங்கியது, பிறகு லைசென்ஸ் என் வீட்டுக்காரர் பெயருக்கு மாறியது. இலஞ்சிக்கு மேற்கே தோப்பையொட்டி மரவள்ளி போட்டிருந்தோம். அதைத் தோண்ட மலையிலிருந்து பன்றி இறங்கும். பன்றி வந்த பிறகு கரிமருந்தைக் கொட்டி, ஈய ரவையைப் போட்டு, தேங்காய் நாரை அடைத்துக் கம்பியால் இடித்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் துப்பாக்கி எப்போதும் கெட்டித்தபடியே சுவரில் தொங்கும். கேப்பு மட்டும் தனியாக ஒரு டப்பாவில் இருக்கும். பட்டாணி அளவுச் செம்புத் தொப்பி, அதைப் பொருத்தினால்தான் வெடிக்கும்.

பொழுது சாயும்போது அவர் அதைப் பொருத்திவிட்டு, கேப்பு போட்டிருக்கு, யாரும் கிட்டப் போகாதீங்க என்பார். காலையில் கழற்றிவிட்டால் துப்பாக்கி 'சும்மா' இருக்கிறது என்று பெயர். கல்யாணமாகி வந்த முதல் வாரமே இந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டேன். வயிறு நிறைய ரவையோடு சும்மா இருந்த அந்தச் சனியனைத் தினமும் துடைத்து வைத்தவள் நான்தான்.

அறுபதுகளின் நடுவில், சீசன் முடிந்து கூட்டம் வடிந்த சமயம், குற்றாலத்துக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. வெள்ளைக்காரன் காலத்துக் கொள்ளைக்கூட்டம் ஒன்று பங்களாவில் ஒளிந்துகொண்டு தங்களுக்குள்ளேயே ஏமாற்றிக்கொள்கிற சிரிப்புப் படம் என்றார்கள். கோட்டு, தொப்பி எல்லாம் மெட்ராஸிலிருந்து வந்தன. கைத்துப்பாக்கிகளும் வந்தன, மரத்தில் செய்து கருப்பு அடித்தவை. நீளத் துப்பாக்கி ஒன்று மட்டும் நிஜமாக, அந்தக் காலத்ததாகவே வேண்டும் என்று டைரக்டர் பிடிவாதம் பிடித்தாராம். யாரோ எங்கள் வீட்டைக் கைகாட்டினார்கள். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. லைசென்ஸ் துப்பாக்கியை இரவல் கொடுக்கக் கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சினிமா என்றதும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

அவர் புளியங்குடி மண்டிக்குப் போயிருந்த அன்று, படத்துக்கான சாமான்களைக் கவனிக்கிறவர் வாங்கிப்போக வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, சட்டைப் பையில் பென்சிலும் நூல்கண்டும். நான்தான் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "லோடு ஏதாவது இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"சும்மாதான் இருக்கு" என்றேன்.

கேப்பு போட்டிருக்கிறதா என்று கேட்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை ஐந்தருவிச் சாலையில் படப்பிடிப்பு. பக்கத்து வீட்டுப் பெண்களோடு நானும் போயிருந்தேன். எங்கள் வீட்டுத் துப்பாக்கியாக்கும் என்று நாலு பேரிடம் சொல்லியும் ஆயிற்று. குண்டான ஒரு நடிகர் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுட வேண்டும், எதிரே கோட்டுப் போட்ட ஆள் தள்ளாடி விழ வேண்டும். படீர் என்று கொஞ்சம் சத்தம் வந்தால் நன்றாயிருக்கும் என்று டைரக்டர் சொல்ல, சாமான்காரர் தென்காசியில் வாங்கிவந்த கேப்பு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். வெறும் கேப்புச் சத்தம் வரும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

சத்தம் மலையில் போய் முட்டியது. எதிரே நின்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டு, தொப்பி உருள, ஒருக்களித்து விழுந்தார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். டைரக்டர் இரண்டு தடவை எழுந்திருக்கச் சொன்னார். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் செய்தி வந்தது. செத்தவர் அதற்கு முன் ஒரு படத்திலும் முகம் தெரிய நடித்ததில்லையாம்.

போலீஸ் வருமுன்பே என் வீட்டுக்காரர் யோசித்து முடித்துவிட்டார். கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் படப்பிடிப்புக்கு முதல் நாள் டீக்கடையில் முயல் வேட்டையைப் பற்றி விசாரித்திருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. நாம் கொடுத்தபோது உள்ளே ஒன்றுமில்லை, அவர்கள்தான் முயலுக்காகக் கெட்டித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம் என்றார். அடுப்படியில் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அந்த மனுஷர் அடுப்படியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, நீ சும்மான்னுதான சொன்ன? அதையே சொல்லு. இரவல் குடுத்ததுக்கு அபராதத்தோட போயிரும். ஒரு வார்த்த கூட்டிச் சொன்னா நான் உள்ள போயிருவேன்."

"அந்த ஆளு என்ன ஆவாரு?"

"அவரக் கம்பெனி பாத்துக்கிடும். நமக்கு யாருட்டி இருக்கா?"

கம்பெனி பார்த்துக்கொண்ட லட்சணம் தென்காசி கோர்ட்டில் தெரிந்தது. மிச்சப் படத்தை வேறு ஊரில் எடுக்கப் போய்விட்டார்கள். சாமான்காரர் வக்கீல் இல்லாமல் தனியாகக் கூண்டில் நின்றார். அதே சட்டை, பையில் பென்சில் இல்லை. சும்மாதான் இருக்கு என்று சொல்லிக் கொடுத்ததாக நான் சாட்சி சொல்லி முடித்ததும், கேள்வி ஏதாவது கேட்கிறாயா என்று மாஜிஸ்ட்ரேட் அவரிடம் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுங்கய்யா" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சும்மான்னா என்னம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டார். மாஜிஸ்ட்ரேட் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. ஆனால் வாசலில் நின்ற போலீஸ்காரர் எங்கள் பக்கத்து ஆள், அவர் வீட்டிலும் பன்றிக்குத் துப்பாக்கி உண்டு. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெஞ்சில் என் வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லேன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கடைசியில் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டபோது, அவர் நிதானமாகச் சொன்னார்: "நான் கெட்டிக்கலைங்கய்யா. ஆனா அந்த அம்மா பொய் சொல்லியிருக்க மாட்டாங்க, அவங்களுக்கு என்ன அவசியம்? எங்க ஆளுங்கள்ல யாரோதான் கெட்டிச்சிருக்கணும். கொடுக்கறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும்."

நாலு எட்டு தூரத்தில்தான் நின்றேன். நான் சொன்னது பொய் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

இரண்டு வருஷம் போட்டார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து மறுபடியும் கும்பிட்டார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் எதிர்க் கடையில் காபி வாங்கிக் கொடுத்தார். எனக்குத் துக்கம் வரும், நெஞ்சை அடைக்கும் என்று எதிர்பார்த்தேன். பசிதான் வந்தது. இன்னும் ஒரு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.