ஆறு குழியும் காலி

ஜெர்மன் சண்டைக்குப் பட்டாளத்தோடு பஸ்ரா வரை போய்வந்தவர் வல்லத்திராக்கோட்டை ரத்தினவேல். அங்கே கூடாரத்தில் பக்கத்துப் படுக்கைக்காரன், காலி என்று நினைத்துத் துடைத்த துப்பாக்கியால் தன் தாடையைத் தானே பெயர்த்துக்கொண்டான். அன்று முதல் ரத்தினவேல் யார் பேச்சை நம்பினாலும் துப்பாக்கி விஷயத்தில் யாரையும் நம்புவதில்லை, தன்னையும் சேர்த்துத்தான்.

புதுக்கோட்டையில் அரிசி மில் வைத்திருந்த உடையப்பன், வழியில் திருட்டு பயம் என்று லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வாங்கினார். வாங்கத் தெரிந்ததே தவிர, பிடிக்கத் தெரியாது. அதற்காகவே ரத்தினவேலை வேலைக்கு வைத்தார். ரத்தினவேலின் மனைவி இருளாயிக்கு முதலாளி வீட்டில் எடுபிடி வேலை. மில்லுக்குப் பின்னால் குடியிருக்க ஓர் ஓட்டு வீடு.

முதலாளி வெளியூர் போய் வந்ததும் ரத்தினவேல் ரிவால்வரை வாங்குவார். குழல் தரையைப் பார்க்க, விரல் விசைக்கு வெளியே. திறந்து தோட்டாக்களைக் கொட்டுவார். ஆறு குழியிலும் சுண்டு விரலை விட்டுப் பார்ப்பார். பிறகு வெளிச்சத்தில் ஒரு தரம். "ஆறு குழியும் காலிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார். காலையில் வைத்ததையே மதியம் எடுக்க நேர்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். வீடே இதை வேடிக்கை பார்க்கும். கணக்குப்பிள்ளை, "ரத்தினவேலு, விரலு உள்ள மாட்டிக்கிடப் போவுதுய்யா" என்று கிண்டல் செய்வார். கிண்டல் செய்தவர்களுக்கும் உள்ளூர மதிப்புதான். அவர் பார்த்துவிட்டார் என்றால் பார்த்தது பார்த்ததுதான் என்று ஊரில் பேர்.

அந்தப் பேர்தான் அவரைக் கெடுத்தது.

1937இல் ஆயுத பூஜை. மில்லில் உள்ள சாமான்கள் எல்லாம் முதலாளி வீட்டுக் கூடத்தில் வந்து அடுக்கப்பட்டன. படி, மரக்கால், திருப்புளி, மைக்கூடு, பேரேடு, நடுவில் ஒரு பலகையில் ரிவால்வர். ரத்தினவேல் எல்லார் முன்னிலையிலும் ஆறு குழியையும் பார்த்து, காலி என்று சொல்லிவிட்டு வைத்தார். தோட்டாப் பெட்டியைப் பீரோவில் பூட்டிச் சாவியை முதலாளியம்மா சொர்ணவல்லியிடம் கொடுத்தார். பெட்டிக்குள் எத்தனை தோட்டா என்று எண்ணவில்லை. குழியை எண்ணுகிறவருக்குத் தோட்டாவை எண்ணத் தோன்றவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி முடிந்ததும், முதல் நாளும் வந்திருந்த விருந்தாளிகளுக்கு முன்னால் உடையப்பன் தாமே குனிந்து ரிவால்வரை எடுத்தார். ரத்தினவேல் கையை நீட்டினார்.

"ஐயா, கொடுங்க, ஒரு தடவ தெறந்து பாத்துக்கிறேன்."

"நேத்து நீதானய்யா பாத்த? ஒன் கை பட்ட பொறவு இன்னொரு கை எதுக்கு?" என்றார் முதலாளி. விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "இந்த ஆளுக்குச் சமமா இந்தச் சமஸ்தானத்துல ஒருத்தன் கெடையாது" என்று வேறு சொன்னார்.

நாற்பத்திரண்டு வயது மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. பத்துப் பெரிய மனிதர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நீட்டிய கையை மடக்கி மார்போடு கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார். அந்த ஓர் அடிக்காக அவர் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

வாசலில் கார் டிரைவர் ஆத்மநாதன் வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான். கட்டுமாவடிக்காரன், இருபத்தாறு வயது. "டேய், கையத் தூக்குடா!" என்று முதலாளி ரிவால்வரை நீட்டினார். அவனும் சிரித்துக்கொண்டே மாலையோடு கைகளைத் தூக்கினான். டக். எல்லாரும் சிரித்தார்கள். டக். இன்னும் சிரித்தார்கள். "ஐயா, வேணாங்க!" என்று ரத்தினவேல் பாய்வதற்குள் மூன்றாவது தரம் வெடித்தது.

ஆத்மநாதன் செத்த வழக்கு நடந்தது. "காலி என்று அவன் சொன்னான், நான் நம்பினேன்" என்றார் உடையப்பன். பத்து விருந்தாளிகளும் அதையே சொன்னார்கள்; அவர் மறுபடி பார்க்கக் கை நீட்டியதை யாரும் சொல்லவில்லை. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. முதலாளிக்கு அபராதத்தோடு போயிற்று. ரத்தினவேலுக்கு ஒன்பது மாதம்.

சிறையில் பார்க்க வந்த இருளாயியிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் ஆறையும் பாத்தேனா இல்லையா? நீயும் கூடத்துலதான நின்ன?"

இருளாயி முந்தானையை முறுக்கிக்கொண்டு, "எனக்கு என்னங்க தெரியும், நான் மாவு ஆட்டப் போயிட்டேன்" என்றாள்.

அதன் பிறகு அவருக்குத் தம் விரல் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிடும்போது சுண்டு விரலைப் பார்ப்பார். நான்காவது குழியா, ஐந்தாவதா? கூட்டத்தில் யாரோ கூப்பிட்டார்களே, அப்போது ஒன்றைத் தாண்டிவிட்டேனா? நினைத்து நினைத்து, தாண்டியதாகவே ஞாபகம் வந்துவிட்டது. இல்லாவிட்டால் தோட்டா எங்கிருந்து வரும்?

விடுதலையான அன்று வீட்டுக்குப் போகாமல் நேரே கட்டுமாவடிக்குப் போனார். ஆத்மநாதனின் பெண்சாதி காலில் விழுந்து, "நான்தான் ஆத்தா ஒரு குழிய விட்டுட்டேன்" என்றார். கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த சனம் மொத்தமும் கேட்டது. அந்தப் பெண் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "எந்திரிச்சுப் போங்க. இனிமே இங்கிட்டு வராதீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

சாயங்காலம் வீடு வந்து இருளாயியிடம் இதைச் சொன்னபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அங்க எதுக்குப் போயி அப்பிடிச் சொன்னீங்க? நீங்க ஒண்ணும் விடல."

ரத்தினவேல் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கீழே வைத்தார்.

"மரக்கால்ல நெல்லு, மைக்கூட்டுல மை, எல்லாம் நெறஞ்சிருக்கு, இது மட்டும் வெறுசா இருந்தா மில்லுக்கு ஆகாதுன்னு அம்மாதான் அன்னிக்கு ராத்திரி பீரோவத் தெறந்து ஒரு தோட்டாவப் போட்டாக. நான்தான் குங்குமத் தட்டப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

"அவுகளுக்கு அதத் தெறக்கத் தெரியுமா?"

"நீங்க தெனம் தெறக்கிறதத்தான பாக்குறோம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "ஒன்பது மாசம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, எனக்கு மட்டுமாவது" என்றார்.

"ஒங்களுக்குச் சொன்னா நீங்க கோர்ட்டுல சொல்லுவீக. அம்மா பேரு வெளிய வந்தா இந்த வீடு நமக்கு நெலைக்குமா? நம்ம மவ ராசாத்தி கலியாணத்த அவுகதான முன்ன நின்னு நடத்துனாக? நீங்க தப்புப் பண்ணலன்னு எனக்குத் தெரியும்ல, அது போதாதா?"

ரத்தினவேல் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வா, கட்டுமாவடிக்குப் போவோம். அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் நீ சொல்லு."

"இப்பப் போயி மாத்திச் சொன்னா யாருங்க நம்புவாக? காலையிலதான நீங்களே ஊரறிய ஒத்துக்கிட்டு வந்தீக" என்றாள் இருளாயி. பேச்சில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, முதலாளியம்மா வீட்டில் விளக்கேற்றும் நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.