கடலில் போட்ட சவுக்காரம்

கடற்கரை ஊர்களில் பகலில் என்ன செய்யலாம், இரவில் என்ன செய்யலாம் என்று இப்போது பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். படகில் போகலாமாம், மெழுகுதிரி வெளிச்சத்தில் சாப்பிடலாமாம். நான் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போனது ஒரேயொரு தடவை. தொண்ணூறுகளில், துணுக்காயிலிருந்து முல்லைத்தீவுக் கரைக்கு, சைக்கிள் கரியரில் குந்திக்கொண்டு. எங்களுக்கும் அங்கே செய்வதற்கு நிறைய இருந்தது.

என் மனிசன் வயல்காரர். எங்கள் ஊருக்குக் கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போகும் அண்ணர் ஒருவர்தான் அவரிடம், "தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா எங்கடை பக்கம் வாவன், ரெண்டு நாள் நிண்டிட்டுப் போகலாம்" என்று சொல்லியிருந்தார். ஏன் சொன்னார் என்பது ஊருக்கே தெரியும். மூன்று மாதத்துக்கு முன்பு எங்கள் முதல் பிள்ளை பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. பெண்பிள்ளை. எனக்குச் சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, வாயைத் திறந்தால் எரிந்து விழுவேன். வந்தவர்கள் எல்லாரும் "இளம் வயசுதானே, இன்னொண்டு கிடைக்கும்" என்றார்கள், ஏதோ ஆடு தவறிப்போன மாதிரி. அதைக்கூடப் பொறுத்தேன். என் மனிசன் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் பேசாததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு சொல்! வயலுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். இந்த மனிசனுக்கு நெஞ்சுக்குள் கல்லா கிடக்கிறது என்று நினைத்தேன்.

"குளத்திலை இல்லாத தண்ணியே கடலிலை கிடக்கு?" என்று கேட்டேன்.

"இல்லை, வாருமன்" என்றார். அவ்வளவுதான் அவருடைய கதை.

விடியப் புறப்பட்டுப் பொழுதுபடத்தான் போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் அண்ணரின் மனைவி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அவாவை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். காலையில் கரைவலை இழுக்கிற சனத்தோடு என்னையும் கயிற்றில் பிடித்துவிட்டா. நெல் வெட்டிக் காய்த்த கைதான், அப்படியிருந்தும் கொப்பளித்தது. வலை கரைக்கு வந்ததும், "இழுத்த கைக்குப் பங்கு, பிடி" என்று துடிக்கத் துடிக்க ஒரு சிரங்கை சூடை மீனை இரண்டு கையாலும் அள்ளி என் சீலைத் தலைப்பில் போட்டா. மத்தியானம் அதுதான் சொதி. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். என் மனிசன் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் குளிக்கப் போனோம். அந்த நாளில் சண்டையும் சாமான் தடையும், வவுனியாவைத் தாண்டி எங்கள் பக்கம் ஒரு சவுக்காரம் வந்து சேருவதென்றால் பெரிய பாடு. உடுப்புத் தோய்க்கப் பனம்பழம், தலைக்குத் தேசிக்காய் என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். அவர் துவாய்க்குள் இருந்து ஒரு முழுச் சவுக்காரத்தை எடுத்து, உறையைக் கிழித்து, என் கையில் தந்தார்.

"இது எங்காலை வந்தது?"

"கிடந்தது. போட்டுக் குளியும்."

இடுப்பளவு தண்ணீரில் நின்று தேய்க்கிறேன், தேய்க்கிறேன், நுரை வந்தால்தானே! உடம்பெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியதுதான் மிச்சம். கரையில் நின்ற அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "அடி பிள்ளை, கடலுக்கை ஆராவது சவுக்காரம் போடுவினமே? குளத்துச் சனம் எண்டு காட்டிப்போட்டியள்!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை போன பிறகு வந்த முதல் சிரிப்பு. சிரித்த சிரிப்பில் அலையைக் கவனிக்கவில்லை. அது அடித்த அடியில் சவுக்காரம் கையைவிட்டுப் போய்விட்டது.

அவர் தலைகீழாகப் பாய்ந்தார். கடல் பழக்கமில்லாத மனிசன், உப்புத் தண்ணீரைக் குடித்து இருமுகிறார், எழும்புகிறார், திரும்பவும் மூழ்கித் தடவுகிறார்.

"விடுங்கோப்பா, ஒரு சவுக்காரத்துக்கு உயிரை விடப்போறியளே?"

அவருக்குக் காது கேட்கவில்லை. நான் முகத்தில் ஒட்டிய தலைமயிரை விலக்கக் கையைக் கொண்டுபோனேன். உள்ளங்கையில் மணம். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் போனால் வருமே, அந்த மணம்.

பிறக்க முதல் பிள்ளைக்கென்று ஒரு சாமானும் வாங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமி ஒரு பழைய சீலையைக்கூட முன்கூட்டிக் கிழித்து வைக்க விடவில்லை.

இரவில் அந்தக் கரையில் வெளிச்சம் வைக்க முடியாது, கடலில் நேவி நிற்கும், கண்டால் சுடும். அதனால் எல்லாரும் நேரத்தோடு படுத்துவிட்டார்கள். நாங்கள் இருட்டுக்குள் மணலில் பாயைப் போட்டு அலையைக் கேட்டுக்கொண்டு கிடந்தோம்.

"பிள்ளைக்கு வாங்கினதே?" என்று கேட்டேன்.



"ஓம். உமக்கு ஏழாம் மாசம் நடக்கேக்கை, கிளிநொச்சிச் சந்தையிலை. நெல்லு மூட்டைக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சிருந்தன்." பிறகு சொன்னார்: "நான் முதலே வாங்கிப்போட்டன். அதாலைதானோ எண்டு... உமக்கு எப்பிடியப்பா சொல்லுறது?"

பாவி மனிசன்! அதையா இவ்வளவு நாளும் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தார்! "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று அதட்டப் போனேன், அழுகைதான் வந்தது. அவரும் அழுதார். வீட்டில் என்றால் நாலு சனம் ஓடி வந்திருக்கும். அங்கே அலைச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆசை தீர அழுதுவிட்டு, பிள்ளைக்கு யாருடைய மூக்கு என்று கதைத்தோம். "உம்மடைதான்" என்றார் அவர். இல்லை, அவருடையதுதான். பிறகு நான் விடியும்வரை நித்திரை கொண்டேன்.

காலையில் வெளிக்கிடப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. தூரத்தில் அலைக்கரையோரமாகக் குனிந்து குனிந்து தேடிக்கொண்டு போகிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோப்பா. பிள்ளைக்கு வாங்கினது. பிள்ளையிட்டைப் போயிட்டுது."