வெட்டிவேர் கட்டிய கம்ப்ரசர்

கம்ப்ரசர் ஓடுகிற இடத்துக்குப் போனால், அது எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்பதைத்தான் சுஹைப் முதலில் பார்ப்பார். சுற்றி நிற்கிற மனிதர்களின் முகம் அதற்கு அப்புறம். வளைகுடாவில் பதினான்கு வருடம் முக்குளிக்கிறவர்களுக்குச் சிலிண்டரில் காற்று அடைத்த பழக்கம் அது. மயிலாடுதுறைக்குத் திரும்பி அதே வேலைக்கு ஒரு சின்னக் கடை போட்டார். காற்றைப் பரிசோதித்துச் சீட்டும் கொடுப்பார். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சீட்டு மட்டும் போதும். காற்று எப்படியிருந்தால் என்ன? அப்படிப்பட்டவர்களை உட்காரக்கூடச் சொல்லமாட்டார்.

"கடை நடத்துறீங்களா, ஆளத் துரத்துறீங்களா?" என்பாள் மனைவி ஷமா.

கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் வர நான்கு நாள் இருந்தபோது இளவழகன் கூப்பிட்டார். பூம்புகார் பக்கம் வாய்க்கால் கடலில் சேருகிற இடத்தில் மதகின் ஷட்டர் நகராமல் மாட்டிக்கொண்டிருந்தது. அடியில் மரமும் வலையும். எடுத்துக் கொடுக்கும் காண்டிராக்ட் அவருடையது. இறங்கப்போவது, கடலில் சங்கு எடுக்கிற பக்கிரி. காற்று நல்ல காற்று என்று கையெழுத்து இருந்தால்தான் இறக்கலாம் என்று இந்த வருடம் புதிதாக ஒரு விதி.

சுஹைப் போய்ப் பார்த்தார். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர். டீசல் என்ஜின் புகைக்குழாய்க்கும் அது காற்றை இழுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்த வாயில் நனைத்த வெட்டிவேரைக் கத்தையாகக் கட்டியிருந்தார்கள். அதற்குமேல் சந்தனம், குங்குமம்.

"இது என்னங்க?"

"பக்கிரி டீசல் நாத்தம் அடிக்குதுன்னான் பாய். இப்ப மோந்து பாருங்க, கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும்." இளவழகன் சொந்தக் கண்டுபிடிப்பைக் காட்டுகிறவர்போல நெஞ்சை நிமிர்த்தினார்.

"மூச்சு விடப்போறது ஆளா, சாமியா?"

கரையில் கூடியிருந்த விவசாயிகள் சிரித்தார்கள். சுஹைப் சிரிக்கவில்லை. பையிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழலை எடுத்து, இரண்டு முனையையும் ஒடித்து, முக்குளிப்பவர் வாயில் கவ்வும் ரப்பர் குழாயின் நுனியில் பொருத்தினார். உள்ளேயிருந்த வெள்ளைத் துகள் ஒரு நிமிடத்தில் பாதிக்குமேல் பழுப்பாகிவிட்டது.

"இந்தப் பழுப்பு, புகையில இருக்கற விஷம். இதுக்கு வாசனையே கிடையாது. உங்க வெட்டிவேர் நாத்தத்தத்தான் மறைச்சிருக்கு. கீழ போய் மயக்கம் வந்தா, மேல வரணும்னுகூட இவனுக்குத் தோணாது."

"பாய், எனக்கு இது பழக்கம்தான்," என்றார் பக்கிரி. இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட் ஏறிவிட்டது. "தல வலிக்கும். ஒரு டீ குடிச்சா போயிடும்."

"அஞ்சு நிமிஷ வேல பாய்," என்று இளவழகன் தாளை நீட்டினார். "தண்ணி வந்துட்டா ஊரே என்னைத் திட்டும். போட்டு விடுங்க."

"போடறேன். அந்த அஞ்சு நிமிஷம் நீங்க இந்தக் குழாயில மூச்சு விடுங்க. தண்ணிக்குள்ள வேணாம், நாற்காலியிலயே உக்காருங்க."

கூட்டம் நெருங்கி வந்தது. யாரோ நாற்காலியை இழுத்தே போட்டுவிட்டார்கள். இளவழகன் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். குழாயை வாங்கினார். உதடுவரை கொண்டுபோனவரின் கண், சுஹைப் கழற்றிக் கையில் வைத்திருந்த பழுப்புக் குழலில் போய் நின்றது.

"காலைலேர்ந்து சாப்பிடல," என்று குழாயை மடியில் வைத்தார். "வெறும் வயிறு. ஒத்துக்காது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பக்கிரி பெல்ட்டைக் கழற்றி இளவழகன் காலடியில் தொப்பென்று போட்டார். போனை எடுத்து, கடற்கரையில் முக்குளிப்பவர்களின் வாட்ஸப் குழுவுக்குக் குரல் பதிவு ஒன்று போட்டார்: "ஷட்டர் வேலைக்கு யாரு கூப்பிட்டாலும் வராதீங்கப்பா. மொதலாளியே வாய் வைக்க பயப்படற காத்து."

இளவழகன் அங்கே இங்கே போன் அடித்தார். ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் கம்ப்ரசரை அணைத்துவிட்டு வந்தார்.

"உங்க சிலிண்டர் எப்ப வரும் பாய்?"

"ரெண்டு மணி நேரம். அதையும் இங்கயே குழல் வெச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

"உங்க காத்துதான, அதுக்கு எதுக்கு டெஸ்ட்டு?"

"கடைக்கு வா, என் மெஷினு எங்கேர்ந்து காத்த இழுக்குதுன்னு நீயே பாரு," என்று சுஹைப் பக்கிரியைக் கைபிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டார்.