சவரிமுத்து அண்ணை வெட்டவிடாத ரெலிபோன்

இங்கே பிரான்சில், பொண்டி என்ற ஊரில் இருந்த சவரிமுத்து அண்ணை இன்று காலை போய்விட்டார். மகள் லூசி போன் எடுத்துச் சொன்னாள். நெஞ்சு வருத்தம்... ஆஸ்பத்திரியில்தான்.

லா சப்பல் தமிழ்க் கடைக்காரருக்கு ஆளைத் தெரியும். சனிக்கிழமையில் மீன் வாங்க வரும் உயரமான பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு ஆமியில் இருந்து பென்சன் எடுத்தவர்.

எனக்கும் அவருக்கும் சரிவராது. செத்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றி எழுத எனக்கு வராது.

என் மகனின் போன் திருத்தும் கடைக்கு அவர் முதன்முதலில் வந்தபோது கையில் வயர் தொங்கும் பழைய வீட்டு ரெலிபோன். மகன் சிரித்துவிட்டான்.

"முசியே, இதை எறிஞ்சுபோட்டு ஒரு போட்டபிள் போன் எடுங்கோ."

"போட்டபிள் பாக்கெட்ல இருக்கு தம்பி. இது மணி அடிக்கணும், அவ்ளோதான்."

அவன் மணியைத் திருத்தும் மட்டும் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஆமியில் என்ன வேலை என்று கேட்டேன். ஆபிரிக்காவில் ஒரு நாட்டுப் பொடியங்களுக்குப் பயிற்சி கொடுத்தாராம். அவர்கள் பழகியதும் காவலை அவர்களிடம் விட்டுவிட்டு பிரெஞ்சு ஆமி வெளிக்கிட்டுவிடுமாம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

என் தம்பியையும் அப்படித்தான். ஊருக்கு வந்திருந்த வெளிநாட்டு ஆமி, தான் போவதற்கு முன் காவலுக்கு ஆள் வேண்டும் என்று ரியூசனுக்குப் போனவனைப் பிடித்தது. மொட்டை அடித்து, காலுக்கு அளவில்லாத சப்பாத்தும் ஒரு துவக்கும் கொடுத்து, விளங்காத பாசையில் பயிற்சி.

பிறகு ஆமி கப்பல் ஏறிவிட்டது. தம்பியின் சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது.

"வெளிக்கிடேக்கை ஒருக்காத் திரும்பிப் பாத்தனீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"மேலேர்ந்து ஆர்டருங்க, மதாம்" என்றார். எழும்பிப் போய்விட்டார்.

பிறகும் வருவார். "பொன்ஜூர் மதாம்" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பேன். வருசக்கணக்காக...

ஒருநாள் லூசியோடு வந்தார். அவள் அவரை வைத்துக்கொண்டே என்னிடம் முறையிட்டாள். "அந்த வீட்டு போன் லைன கட் பண்ண விடவே மாட்டேங்கிறாரு ஆன்ட்டி. அம்மா வீடு மாறலாம்னாங்க, நம்பர் போயிடும்னு அதுக்கும் நோ."

அன்றைக்குத்தான் மனுசன் வாயைத் திறந்தார்.

"கிளம்பற அன்னிக்கு அந்த ஆப்பிரிக்கப் பசங்களுக்கு வீட்டு நம்பர் குடுத்தேன் மதாம். ஏதாச்சும்னா கூப்பிடுங்கடான்னு."

"எடுத்தவையோ?"

"ஒருத்தன் கூப்பிட்டான். சுத்தி வளைச்சிட்டாங்க, தோட்டா முடிஞ்சிபோச்சுன்னான். நான் பொண்டியில அடுப்படியில நிக்கிறேன்..."

"என்ன சொன்னனீங்கள்?"

"லைன்லயே இருடான்னேன். கட் ஆயிடுச்சு."

"திருப்பி எடுப்பான் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியளாக்கும்?" குத்தலாகத்தான் கேட்டேன்.

"ஆமாங்க" என்றார்.

அதற்குப் பிறகு வந்தால் ஒரு பிளேன்ரீ கொடுப்பேன். கதைக்கமாட்டேன். அவரும் குடித்துவிட்டுப் போவார்.

இன்று லூசியிடம் அந்த லைனைப் பற்றிக் கேட்டேன்.

"இந்த வாரமே கட் பண்ணிடலாம்னு இருக்கேன் ஆன்ட்டி."

"முப்பத்தோராம் நாள் காரியம் முடியும் மட்டும் விடு பிள்ளை."

"நாங்க வேதக்காரங்க ஆன்ட்டி. எங்களுக்கு முப்பத்தொண்ணெல்லாம் இல்லையே."

"எங்களுக்கு இருக்கு. விடு."

"யாராவது கூப்பிட்டா நான் என்ன சொல்றது?"

"ஆள் செத்துப்போச்சு எண்டு சொல்லு. சாகும் மட்டும் பாத்துக்கொண்டுதான் இருந்தவர் எண்டும் சொல்லு."

பூசை பொண்டி சேர்ச்சில். நான் போவேன்.

கோவம் கோவம்தான், சவரிமுத்து அண்ணை. போயிட்டு வாங்கோ.