தூத்துக்குடிக்கு ஒரு முகாம் படம் பார்க்கப் போனேன்

தூத்துக்குடிக்கு மாதா கோயிலைப் பார்க்கப் போவார்கள், உப்பு வியாபாரத்துக்குப் போவார்கள். போன மாசியில் என்னைப் போகவைத்தது ஒரு சினிமா.

என் அக்கா பிரகாசி அங்கே கடற்கரை ஓரத்தில் தனியாக இருக்கிறாள். அத்தான் கப்பலில் வேலை பார்த்தவர். சண்டைக் காலத்தில் ஜெர்மன்காரர்கள் அவருடைய கப்பலை மூழ்கடித்து, ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்த் தங்கள் நாட்டில் ஒரு கைதி முகாமில் அடைத்தார்கள். அத்தான் அங்கேயே மார்ச்சளியில் இறந்துபோனார். கூட இருந்த அவருடைய சிநேகிதர் சூசை அண்ணன் உயிரோடு திரும்பி வந்தார். இப்போது வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறார். சனிக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்கு ஒரு பங்கு மீன் கொண்டுவந்து கொடுப்பார். முகாமைப் பற்றி அவரும் சொன்னதில்லை, அக்காவும் கேட்டதில்லை.

இப்படி இருக்கையில் ஜெர்மன் வதைமுகாமைப் பற்றி ஒரு இங்கிலீஷ் படம் தூத்துக்குடிக்கு வந்தது. அக்கா போய்ப் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை மீனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை கதவையே திறக்கவில்லை. வைத்தியத்துக்கு மதுரை வந்த, அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர்தான் இதை எனக்குச் சொன்னார். அக்காவுக்குப் பேச்சுத்துணை சூசை அண்ணன் குடும்பம்தான். அந்த உறவும் அறுந்துவிட்டால் அவளுக்கு அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? நான் வேலை பார்க்கும் வாடகைப் புத்தகக் கடையில் லீவு சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை காலை ரயில் ஏறினேன்.

மதுரையிலிருந்து சுமார் நூறு மைல். மணியாச்சியில் இறங்கி, தூத்துக்குடிக்குப் போகும் வண்டிக்கு மாற வேண்டும். காத்திருக்க நேரிடும் என்பதால் கட்டுச்சோறு கையில் இருப்பது நல்லது. நான் மறந்துவிட்டு வெறும் வேர்க்கடலையில் காலத்தை ஓட்டினேன். ஊர் நெருங்கும்போது உப்பளங்கள் வரும். வெயிலில் கண் கூசும், ஆனாலும் பாருங்கள்.

ஸ்டேஷன் வாசலில் குதிரைவண்டிக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு இறங்கினார்.

“எங்கன விடணும், அண்ணாச்சி?”

“முகாம் படம் ஓடுகிற கொட்டகைக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதுக்கா மதுரையிலேருந்து வாரீக? எம் பொஞ்சாதி அதைப் பாத்துட்டு ரெண்டு நாளா சரியாச் சோறு திங்கலை. இன்னொரு கொட்டகையில ராசா ராணி படம் ஓடுது, பாட்டெல்லாம் நல்லாருக்கும். அங்கன விடட்டுமா?”

வேண்டாம் என்றேன். நான் ஏதோ பெரிய துக்கத்தில் இருப்பதாக நினைத்தாரோ என்னவோ, வழியெல்லாம் மெதுவாகவே ஓட்டினார்.

இங்கிலீஷ் படம் என்பதால், கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் கதை சொன்னார். நடுவில் ஒரு காட்சி. எலும்பும் தோலுமாகப் படுத்திருப்பவன் கையிலிருந்து அவனுடைய சிநேகிதனே ரொட்டியைப் பிடுங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்கிறான். படுத்திருந்தவன் செத்துப்போகிறான். தின்றவன் பிழைத்து ஊருக்கு வருகிறான். கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்தும் சத்தம். அக்கா ஏன் கதவைச் சாத்தினாள் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

எங்கள் கடைக்கும் முகாம் கதைகள் வருகின்றன. எல்லாம் வாசித்திருக்கிறேன். புத்தகமென்றால் ஒரு உத்தமன் தன் ரொட்டியைத் தானம் செய்துவிட்டுச் சாவான். சினிமாவென்றால் பிடுங்கித் தின்பார்கள். இரண்டும் எங்கேயோ நடந்துதான் இருக்கும். ஆனால் ஒரு ரொட்டியை ஐந்து பேர் தினம் தினம் எப்படிப் பங்குபோட்டார்கள் என்று யாரும் காட்டுவதில்லை. அதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள் போல.

மறுநாள் மத்தியானம் வள்ளங்கள் கரைக்கு வரும் நேரத்தில் கடற்கரைக்குப் போனேன். சூசை அண்ணனின் வள்ளத்தில் வந்த மீனை ஒருவர் மணலில் கூறு கூறாகப் பிரித்து வைத்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு கூறாக எடுத்துக்கொண்டார்கள். பிரித்தவர் கடைசியாக, மிஞ்சியதை எடுத்தார். அங்கே அதுதான் வழக்கம். முன்பு முத்துக்குளிப்பு நடந்தபோதும் இப்படித்தானாம். குளித்தவன் தன் சிப்பியை மூன்று கூறாக வைப்பான். சர்க்கார் ஆள் இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார், மிஞ்சியது குளித்தவனுக்கு. வாலிபத்தில் அத்தானும் அப்படிக் கூறு வைத்தவர்தான்.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சூசை அண்ணன் கையைக் கடல்தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்தார்.

“நானும் அந்தப் படத்தைப் பாத்தேன், தம்பி. அது வேற முகாம். அங்கன கெடந்தவங்க பட்ட பாடு எங்களுக்கு வரலை. அதைப் பொய்யின்னு நான் சொல்லமாட்டேன். பிரகாசி எங்கிட்ட என்ன கேக்கணுமோ கேக்கட்டும்.”

ஒரு சீலா மீனைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார். கதவைத் திறந்த அக்கா, எனக்குப் பின்னால் அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனாள். ஆனால் கேட்டுவிட்டாள்.

“அவுக ரொட்டியை நீங்க தின்னீகளா, அண்ணே?”

“தின்னேன்,” என்றார் சூசை அண்ணன்.

காரியம் கெட்டது என்று நினைத்தேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கடைசி நாலு நாளு அவன் தொண்டைக்குள்ள ஒண்ணும் எறங்கலை. அதுக்காக அவன் கூறை இல்லைன்னு ஆக்க முடியுமா? காய்ச்சல்ல கெடக்கவனுக்கும் வள்ளத்துல கூறு உண்டுல்லா. அவன்தான் எங்கையில திணிச்சான். ‘இப்ப நீ தின்னுலே, நான் ஊருல வந்து வாங்கிக்கிடுதேன்’னான். அவன் வரலை. அதான் நான் கொண்டாந்து குடுக்கேன்.”

அக்கா மீனைப் பார்த்தாள். பிறகு சன்னமான குரலில், “அதுக்கு முன்னால? அவுக நல்லா இருந்தப்ப வயிறு நெறஞ்சுதா?” என்று கேட்டாள்.

“வயிறு யாருக்கும் நெறையலை, தாயி. அஞ்சு பேருக்கு ஒரு ரொட்டி. வெட்டுறது அவன்தான், அதனால கடைசியில எடுக்கதும் அவன்தான். எப்படி வெட்டுனாலும் ஒரு துண்டு கொஞ்சம் பெருசாத்தான விழும். அவனுக்கு இருமல் வந்ததுலேருந்து நாங்க நாலு பேரும் சின்னதாப் பாத்து எடுத்துருவோம். பெருசு அவனுக்கு மிஞ்சும். ‘நான் ஒழுங்காத்தான வெட்டுனேன்’ம்பான். மறுநாள் நூலு வச்சு அளந்து வெட்டுவான்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. “வீட்டுல கருப்பட்டி ஒடைச்சாலும் அப்படித்தான் அளந்து பாப்பாக,” என்றாள். மீனை வாங்கிக்கொண்டு, எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை ஊரில் இருக்கும்படி கிளம்புங்கள், ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கடலுக்குப் போகாது. அந்த ஊர் முந்திரிப் பலகாரமான மக்ரூன் வாங்கினால் தகர டப்பாவில் வாங்குங்கள், கடல்காற்றுப் பட்டால் நமுத்துப்போகும். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் அநேகம் வீட்டில் உண்டு, அதனால் பேச்சுக்கொடுக்கும்போது பார்த்துப் பேசுங்கள். சாப்பிடக் கூப்பிட்டு, தட்டை நீட்டி ‘எடுங்க’ என்றால் எடுத்துவிட வேண்டும். ‘முதலில் நீங்கள்’ என்று மதுரை மரியாதையெல்லாம் காட்டக் கூடாது. பங்கு வைத்தவர் கடைசியில்தான் எடுப்பார்.

அன்று அக்கா பொரித்த மீன் மூன்று துண்டு கொண்டுவந்து, “எடுங்க,” என்றாள். சூசை அண்ணன் வால்பக்கத்துத் துண்டை எடுத்துக்கொண்டார். நான் மற்ற இரண்டில் சின்னதை எடுத்தேன். தட்டில் நடுத்துண்டு மிஞ்சியது. அக்கா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒழுங்காத்தான வெட்டுனேன்,” என்றாள். பிறகு சாப்பிட்டாள்.