பாஞ்சோ தேடி சோஹாருக்கு

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு பர் துபாயிலிருந்து கிளம்பினோம். ஓமானில் இருக்கும் சோஹார் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஓமான் பாட்டுக்காகப் போனாலும் ஒரு நியாயம் உண்டு. நாங்கள் போனது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்காக. மகள் நிலா படிப்பது அமெரிக்கப் பாடத்திட்டம். திங்கட்கிழமை வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும். போனில் இறக்கிய ஸ்டுடியோ பாட்டு வேண்டாம், நேரில் கேட்டதாக ஒன்று வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அது கிடைக்காவிட்டால் பேசவே மாட்டேன் என்று மூன்று நாளாக இவள் சரியாகச் சாப்பிடவில்லை. சோஹாரில் நண்பர் ரவியிடம், அந்தப் பாட்டுகளுக்கு வாசிக்கும் கம்பி வாத்தியமான பாஞ்சோ ஒன்று இருந்தது.

வழி நெடுக எனக்குப் பாடம். ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கதைப்பாட்டுகளைக் கொண்டுவந்தார்களாம். பாஞ்சோ, அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்ததாம். ரயில்பாதைத் தொழிலாளர்கள் தண்டவாளம் நகர்த்தும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பதில் பாடுவார்களாம். எழுதியவர் பெயர் இருக்காது. வரிகளை யாரும் மாற்றலாம். அப்படியென்றால் வீட்டிலேயே நீ ஒன்றை மாற்றியிருக்கலாமே என்றேன். முறைத்தாள்.

ஹத்தா எல்லையில் ஆளுக்கு முப்பத்தைந்து திர்ஹம் கட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் வரிசை. பத்தரைக்கு ரவி வீடு. பாஞ்சோவின் தோல் கிழிந்து தொங்கியது, கம்பி இரண்டைக் காணோம். அழகுக்கு மாட்டியிருக்கிறேன் என்றார். மனுஷன் இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நிலா அழுதாள். சமாதானப்படுத்தக் கடற்கரைக்குப் போய், இருந்த எரிச்சலில் காரை மணலுக்குள் விட்டேன். சக்கரம் புதைந்தது. டியூட்டி முடிந்து தொழிலாளர் கேம்ப் வேனில் வந்த எட்டுப் பேர், எல்லாரும் ராமநாதபுரத்துக்காரர்கள், இறங்கித் தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கில் இருந்தபடி, இடது பக்கம் தள்ளுங்கள், வலது பக்கம் தள்ளுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். முருகேசன் என்பவர் எடுத்துக்கொடுத்தார்:

"ஏசிக்குள்ள சாரு இருக்காரு — ஐலசா
யோசனையா அள்ளி விடுறாரு — ஐலசா"

எனக்குச் சுருக்கென்றது. வெளியே நிலா போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, பேசாதீங்க, ரெக்கார்ட் ஆகுது. அங்க தண்டவாளம் நகர்த்துறவங்களும் சூப்பர்வைசர வச்சுக்கிட்டே அவரக் கிண்டல் பண்ணிப் பாடுவாங்க."

கார் மேலே வந்தது. யார் எழுதிய பாட்டு என்று முருகேசனைக் கேட்டாள்.

"யாரும் எழுதலம்மா. சாரு வந்தாரு, பாட்டு வந்துச்சு."

திரும்பும்போது எல்லை வரிசையில், அந்த இரண்டு வரியை மட்டும் வெட்டிவிடு என்று கெஞ்சினேன். முடியாது என்றாள். திங்கட்கிழமை வகுப்பே கைதட்டியதாம். எழுதியவர் பெயர் தேவையில்லை என்று வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தவள், பாட்டில் வருகிற 'சாரு' பெயரை மட்டும் வகுப்புத் திரையில் இனிஷியலோடு போட்டிருந்தாள்.